ஈரச் சுவரை முற்றுகையிட்ட படலம்

எல்லாப் பணிகளுக்கும் இடம் தந்து எதையும் திருப்பித் தராத பெருந்தேவியே, நாளை என்னும் நாயகியே, உன் அடியாருள் தலையாய பெயிண்டரின் வீரத்தை உன்னை வணங்கிப் பாடத் தொடங்குகிறேன்.

ஏணி ஏறிய ஏந்தல், தூசிக்கு அஞ்சாத தீரர், கூரைகள் பலவற்றை வெள்ளையடித்தே வென்ற அக்கோமகனின் வலத்தோள் ஒருநாள் பூட்டிக்கொண்டது. மார்புக்கு மேல் கை எழவில்லை. மாத முடிவில் தொடங்கவிருந்த மண்டப வேலையோ முழுக்க உட்கூரை. கை எழாவிட்டால் வேறு ஆள் என்று, வேலையை எடுத்திருந்த மைத்துனர் முன்பே முரசறைந்துவிட்டார். மருத்துவரம்மா அருளிய மந்திரம் எளியது: “காலைல பல் தேய்ச்சதும் சுவத்துல விரல மெல்ல மேல ஏத்துங்க. தினமும் செய்யணும். நடுவுல விட்டா பிரயோஜனமில்ல.”

மறுநாள், ஐவிரற் படை திரட்டி, படுக்கையறைச் சுவரென்னும் கோட்டையின் முன் நின்றார் தலைவர். விரல்கள் ஏறுமுன் விழிகள் ஏறின. அந்தோ, அங்கே ஒரு வெடிப்பு. தொழில் தெரிந்தவர் வெடித்த சுவரில் விரல் வைப்பாரா? இடக்கையால் சுரண்டினார், பட்டி பார்த்தார், அது காயக் காத்திருந்தார், உப்புத்தாளால் தேய்த்தார், பிரைமர் அடித்தார், அதுவும் காய வேண்டுமென்று கட்டிலில் சாய்ந்தார். வலக்கையோ, போருக்கே போகாமல் களைத்துப்போன யானையின் துதிக்கைபோல் தொங்கிக்கொண்டிருந்தது.

“கைய ஏத்தச் சொன்னாங்களா, சுவத்துக்குச் சிங்காரம் பண்ணச் சொன்னாங்களா?” என்றாள் மனைவி.

“ஈரத்துல கை வெச்சா தடம் விழும். காயட்டும்.”

“எதிர்ச் சுவரு காஞ்சுதான கிடக்கு?”

காய்ந்துதான் கிடந்தது. ஆனால் புதுச்சுவரின் பேரொளிக்கு எதிரே அது கைவிடப்பட்ட சிற்றரசுபோல் மங்கித் தெரிந்ததால், அதையும் சுரண்ட அரசாணை பிறந்தது. இவ்வாறு வெயிலிலும் மழையிலும் வழுவாத நல்லொழுக்கம் ஒன்று அவ்வீட்டில் வேரூன்றியது: விடிந்ததும் பல் துலக்கி, இடக்கைச் சுண்டுவிரலால் சுவரைத் தொட்டு, “இன்னும் காயல” என்று உலகுக்கு அறிவித்தல்.

மாதம் முடிந்தது. மைத்துனர் வந்து அறை நடுவே நின்றார்.

“மாமா, கையத் தூக்குங்க பாப்போம்.”

மூச்சை அடக்கி, பல்லைக் கடித்து, முன்னோர் அனைவரையும் துணைக்கழைத்து வீரர் தூக்கினார். மார்பு வரை வந்த கை, ஓடமில்லா ஆற்றங்கரையில் நின்ற சேனைபோல் அங்கேயே நின்றது. மைத்துனர் நான்கு சுவர்களையும் நிதானமாகச் சுற்றிப் பார்த்தார்.

“சுவரு பிரமாதம், மாமா.”

மண்டப வேலைக்கு வேறு பெயிண்டர் போனார்.