உருளைக்கிழங்கின் பூர்வீகம்

பயிர்களின் பூர்வீகத்தைக் கண்டுபிடிப்பதில் உலகமே பெர்லினைப் பார்த்து வாய் பிளந்து நின்ற காலம் ஒன்று உண்டு. அந்தப் பெருமைக்குக் காரணம் இரண்டு பேர். ஒருவர் டாக்டர் ஹெட்விக் லாம்பெர்ஸ். மற்றவர், எங்கள் தாவர ஆராய்ச்சிக் கழகத்தின் துணைச் செயலாளராக இருந்து, எந்த உதவியும் செய்து அவருடைய தன்னம்பிக்கையைக் கெடுத்துவிடாத அடியேன்.

கழகத்தில் பேராசிரியர் 'தகுதி' பெற்ற முதல் பெண் ஹெட்விக். தகுதி கொடுத்தோம், கூட்ட அறையில் நாற்காலி கொடுக்கவில்லை. நின்றபடி சிந்திப்பது ரத்த ஓட்டத்துக்கு நல்லது. காட்டு பார்லியைத் தேடிப் பிடித்து, வயல் பார்லியோடு கலந்து, துருநோயை எதிர்த்து நிற்கும் புதுப் பயிரை அவர் உண்டாக்கினார். பூவுக்குப் பூ மகரந்தம் தொட்டு வைத்தவர் அவருடைய சகா டாக்டர் லியோபோல்ட் பெர்ன்ஹைம். யூதர். அதுவரை அது எங்கள் யார் கண்ணிலும் பட்டதில்லை.

பிறகு ஆட்சி மாறியது. நாட்டில் 'தூய்மை' பிறந்தது. அமைச்சகத்திலிருந்து க்ரூபே என்ற அதிகாரி எங்கள் தோட்டத்தைச் சோதிக்க வந்தார்.

"டாக்டரம்மா, இங்க அந்நிய ரத்தம் எதுவும் இருக்கக் கூடாது. எல்லாம் நம்ம மண்ணோட சரக்குதானே?"

"செடிக்கு ரத்தம் கிடையாதுங்க. சாறுதான்."

"சரி, அந்நியச் சாறு!"

"கோதுமை மேற்கு ஆசியாவுலேருந்து வந்துச்சு. செர்ரி கருங்கடல் பக்கம். உருளைக்கிழங்கு தென்னமெரிக்க மலை."

க்ரூபேயின் முகம் வெளுத்தது. "உருளைக்கிழங்குமா? எங்கம்மா தினமும் செய்வாங்களே!"

"உங்கம்மாவ நான் எதுவும் சொல்லலைங்க."

"அப்போ அசல் நம்ம ஊர்க்காரன்தான் யாரும்மா?"

ஹெட்விக் வேலியோரம் கை காட்டினார். "அதோ, காஞ்சொறி. தொட்டுப் பாருங்க."

தொட்டார். தேசப்பற்று அரிக்கும் என்பதை அன்று நேரில் கண்டேன்.

இயக்குநர் பேராசிரியர் ஃபோல்கெர்ட் தாமதிக்கவில்லை. உடனே 'பூர்வீக உணவுத் திட்டம்' அமலுக்கு வந்தது. உணவுக்கூடத்தில் காஞ்சொறி சூப், ஓக் மரக் கொட்டையில் காப்பி. ஒரு வாரத்துக்குள் அறிஞர்களின் முகங்கள் பச்சையாகிவிட்டன. அவசரக் கூட்டம் கூடியது. இந்த மண்ணில் நெடுங்காலம் பாடுபட்ட உருளைக்கிழங்கு இனி 'கௌரவ ஜெர்மானியன்' என்று ஒருமனதாகத் தீர்மானித்தோம். வழிமொழிந்தவர் க்ரூபே.

அடுத்த தீர்மானம், பெர்ன்ஹைமைப் பணியிலிருந்து நீக்குவது. அவர் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

ஹெட்விக் எழுந்தார் என்று சொல்ல முடியாது, நின்றுகொண்டுதான் இருந்தார். "கிழங்குக்கு ஒரு நியாயம், மனுஷனுக்கு ஒரு நியாயமா? இவர் குடும்பம் ரைன் கரைக்கு வந்தப்போ இந்த நாட்டுல ஒருத்தரும் உருளைக்கிழங்கைக் கண்ணால பார்த்ததில்லைங்க!"

"அது அறிவியல், அம்மா," என்றார் இயக்குநர் கனிவாக. "இது நிர்வாகம்."

"விடு, ஹெட்விக்," என்றார் பெர்ன்ஹைம். "கிழக்குப் பாத்திக்கு நாளைக்குத் தண்ணி ஊத்த மறந்துடாதே. பூ விட்டிருக்கு."

"நாளைக்கு நானும் வரப்போறதில்ல, லியோ."

கைகள் உயர்ந்தன. இலை இலையாக நோய் பார்ப்பதுபோல் ஒவ்வொரு கையாக ஹெட்விக் பார்த்துக்கொண்டு வந்தார். என் கையருகே நின்றார்.

"நீங்களுமா?"

"பெரும்பான்மைம்மா," என்றேன், கண்ணியமாக.

இருவரும் சேர்ந்தே வெளியேறினார்கள். கிழக்குப் பாத்திக்கு யாரும் தண்ணீர் ஊற்றவில்லை; அது எந்தத் துறையின் பொறுப்பு என்று முடிவாவதற்குள் பார்லி கருகிவிட்டது. கூட்டம் முடிந்த அன்றிரவே உணவுக்கூடத்தில் வெண்ணெய் உருக்கி ஊற்றிய உருளைக்கிழங்கு பரிமாறினார்கள். இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டோம்.

நாங்கள் வந்தேறிகளை வெறுத்தோம் என்று இன்று சிலர் பழி பேசுகிறார்கள். அபாண்டம். தின்னத் தகுந்த எவரையும் நாங்கள் வெளியே அனுப்பியதில்லை.