அக்கா நிச்சயத்தில் நான் கொளுத்திய நூல்

ஒரு காலத்தில் எங்கள் தெருவில் ஏதாவது கருகிய வாடை அடித்தால் யாரும் அடுப்பைப் போய்ப் பார்க்க மாட்டார்கள். நேராக என்னைத் தேடி வருவார்கள். கோழி இறகு, தேங்காய் நார், என் சொந்தத் தலைமுடி என்று எல்லாவற்றையும் கொளுத்தி, மோந்து பார்த்து, நோட்டில் எழுதிவைப்பேன். (அம்மாவின் முடியும் கொஞ்சம் உண்டு. அது அவருக்குக் கடைசிவரை தெரியாது.) காஞ்சிபுரத்தில் தறி வீட்டில் பிறந்தவளுக்கு ஒன்று மட்டும் யாரும் சொல்லித்தராமலே தெரியும்: பட்டிழையைக் கொளுத்தினால் முடி பொசுங்குகிற நாற்றம் வரும், பருத்தி நூல் என்றால் காகிதம் எரிகிற வாடை.

பதிமூன்று வயதில் இந்த அரைகுறை ஞானம் அக்காவின் கல்யாணத்தையே கெடுக்கப் பார்த்தது.

அறுபதுகளின் கடைசி. வசந்தா அக்காவை நிச்சயம் செய்யக் பக்கத்து ஊர் கூரத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். அக்காவுக்கு அந்த மாப்பிள்ளையை ரொம்பப் பிடித்திருந்தது. (அவள் சொல்லவில்லை, ஆனால் இரண்டு நாளாகச் சாம்பாரில் உப்பு இல்லை.) அவர்கள் கொண்டுவந்த அரக்கு நிறப் பட்டுப் புடவையைத் தட்டோடு என்னிடம் கொடுத்து, "உள்ள எடுத்துக்கினு போய் அக்காகிட்ட குடும்மா" என்றார் அப்பா.

சாமி அறையில் காமாட்சி விளக்கு எரிந்துகொண்டிருந்தது. புடவை ஓரத்தில் ஓர் இழை நீட்டிக்கொண்டிருந்தது. நான் என்ன செய்வேன்? உருவினேன், கொளுத்தினேன், மோந்தேன். காகித வாடை!

விஞ்ஞானியாக இருந்தால் இன்னொரு முறை சோதித்துப் பார்த்திருப்பாள். நான் புடவையோடு கூடத்துக்கு ஓடினேன்.

"அப்பா! இது பட்டே இல்லப்பா! கொளுத்திப் பாத்துட்டேன், முடி நாத்தமே வரல! ஏமாத்தறாங்கப்பா!"

மாப்பிள்ளையின் அப்பா மெதுவாக எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார்.

"என் தறியில நானே உக்காந்து நெய்ஞ்ச புடவைமா இது. எங்க வூட்டுக்கு வரப்போற பொண்ணுக்குன்னு நெய்ஞ்சேன்" என்றார். மனைவியைப் பார்த்து, "வா, கெளம்பலாம்" என்றார்.

அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். அப்பா யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை. செத்துப்போய்விடலாம் போலிருந்தது எனக்கு.

அப்போது அக்கா வந்தாள், கையில் காமாட்சி விளக்கோடு. கூப்பிடாமல் கல்யாணப் பெண் கூடத்துக்கு வருவதெல்லாம் அன்று நினைத்தும் பார்க்க முடியாது.

"எந்த இழைடி எடுத்த?"

உருவிய இடத்தைக் காட்டினேன்.

"ஏண்டி, இது மடிப்புக் கலையாம இருக்கறதுக்குப் போட்ட தையல் நூலுடி!"

அந்தத் தையலில் மிச்சமிருந்த நூலை உருவினாள். முந்தானைக் குஞ்சத்திலிருந்து ஓர் இழை பிய்த்தாள். இரண்டையும் தனித்தனியாகக் கொளுத்தி மாப்பிள்ளையின் அப்பா மூக்கருகே நீட்டினாள்.

"மோந்து பாருங்க மாமா. இது தையல். இது நீங்க நெய்ஞ்சது."

முடி பொசுங்குகிற நாற்றம் கூடமெல்லாம் பரவியது. அவ்வளவு நல்ல நாற்றத்தை நான் அதற்குப் பிறகு மோந்ததே இல்லை. அவர் மோந்தார். அவர் மனைவி மோந்தார். புரோகிதரும் ஒரு தடவை மோந்துகொண்டார்.

"பெரிய பொண்ணு கெட்டிக்காரி" என்று மாப்பிள்ளையின் அப்பா சிரித்தபடி உட்கார்ந்தார். "சின்னத மட்டும் கல்யாணத்தன்னிக்கு ஓமகுண்டத்துகிட்ட வுடாதீங்க."

கதை ஊரில் ஒரு தறி பாக்கி இல்லாமல் பரவியது. என்னைப் பெண் கேட்டு வர யாருக்கும் துணிச்சல் இல்லை. "வூட்டுல சும்மா இருந்தா எதையாச்சும் கொளுத்துவா" என்று அப்பா என்னைக் கல்லூரியில் வேதியியல் படிக்க அனுப்பினார். அங்கே கொளுத்தியதற்கு மார்க் போட்டார்கள்! பிறகு துணிகளைப் பரிசோதிக்கும் ஆய்வுக்கூடத்தில் வேலையும் கிடைத்தது. புதிதாகச் சேருகிறவர்களிடம், "எந்த இழையை எடுத்தே?" என்றுதான் முதலில் கேட்பேன். அதை நான் கற்றுக்கொண்டது எட்டாவதோடு பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்ட அக்காவிடம். நினைத்தால் இன்றும் மனசு வலிக்கிறது.

ஒருவழியாக என்னையும் கட்டிக்கொள்ள ஒரு தைரியசாலி வந்தார். நிச்சயத் தட்டில் புடவைக்குப் பக்கத்தில் அதே பட்டில் ஒரு சின்ன இழைக்கட்டும் வைத்திருந்தார் அவர் அம்மா. "இது பொண்ணு கொளுத்திப் பாக்கறதுக்கு!"

அன்றிலிருந்து எங்கள் வீட்டு நிச்சயத் தட்டு எதுவும் இழைக்கட்டு இல்லாமல் போனதில்லை. போன மாதம் அக்கா பேரனின் நிச்சயத்தில் பெண் வீட்டார், "இது எதுக்குங்க?" என்று பயபக்தியோடு கேட்டார்கள்.

"எங்க குடும்ப சம்பிரதாயங்க" என்றாள் அக்கா, என் பக்கமே திரும்பாமல்.