பல்லென்று சொல்லத்தான் வாயெடுத்தேன், மச்சான்

கண்டக்குழி,
ஞாயிறு, பூசை முடிந்த பிறகு.

அன்புள்ள மச்சான் சவிரிமுத்துவுக்கு,

புனித அன்னம்மாள் தாயாரின் தயவால் நானும் உன் அக்கா ஜூலியானாவும் பிள்ளைகளும் சுகம். இத்தாலிக் குளிரில் நீயும் சுகமாயிருக்க மன்றாடுகிறோம். போனில் கதைக்காமல் கடிதம் எழுதுகிறானே என்று பயந்துவிடாதே. நேற்றுத்தான் பல் பிடுங்கினது. இன்றைக்கு வாயை ஆட்டக் கூடாது என்பது டொக்டரின் கட்டளை. அதைக் கேட்டு உன் அக்காவுக்கு வந்த சந்தோஷத்தை நீ பார்க்க வேண்டும்.

விஷயம் மகள் அனுஷ்காவின் கலியாணம். போன வியாழன் நுரைச்சோலையிலிருந்து மாப்பிள்ளை கெவினின் தாய் நாள் குறிக்க வருவதாக இருந்தது. அன்று பார்த்து என் கடவாய்ப்பல் பேயாட்டம் ஆடத் தொடங்கியது. ஆறு மாதமாகவே ஆடுகிறதுதான். பல்லுக்காகப் புத்தளம் போவதென்றால் இருட்டோடு பஸ் ஏற வேண்டும், அன்றைய கடலும் போய்விடும் என்று கராம்பை வைத்துச் சமாளித்து வந்தேன். அன்று கராம்பும் கைவிட்டது. வீட்டுக்குள் முனகினால் உன் அக்கா ஏசுவாள் என்று கரைக்குப் போய், வள்ளத்து விளிம்பில் குந்தி, கன்னத்தில் கையை வைத்தேன். அவ்வளவுதான் மச்சான்! கடற்கரையில் ஒருவன் கன்னத்தில் கை வைத்தால் சனம் என்ன நினைக்கும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். பல்லுக்குத் தெரியாதே. மகன் யூட் அந்நேரம் கடலில். மீன் வாங்க வந்த றுக்கியா என்னைக் கண்டதும், "யா அல்லாஹ்! இன்னாசி அண்ணே, யூட்டுக்கு என்ன?" என்றாள். "பல்" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வலியில் "ப... ப..." என்றுதான் வந்தது. "படகா!" என்று அவள் வைத்த குளறலில் ஊரே கரைக்கு வந்துவிட்டது. ஆரோ கோயில் மணியை அடிச்சிட்டான். ரெண்டு போட் தேடப் போயிட்டுது. உன்ர அக்கா நெஞ்சில அடிச்சுக்கொண்டு ஓடி வாறா. நான் "ப... ப..." எண்டு தலையை ஆட்ட ஆட்ட அழுகை கூடினதே ஒழியக் குறையேல்லை. இந்த நேரம் பார்த்து யூட் கூடை நிறைய மீனோட கரை ஏறுறான். சனம் அழுகிறதைக் கண்டவன், ஆருக்கு என்ன எண்டு கேக்கிறதை விட்டுட்டு, தானும் சேர்ந்து அழுகிறான்! அவனையே கட்டிப்பிடிச்சு "யூட் போயிட்டானே" எண்டு அழுத ஆளையும் கண்டனான்.

இந்தக் கூத்துக்குள்ளதான் சம்பந்தியம்மாட வான் வந்தது. மணிச் சத்தம், ஒப்பாரி, நடுவில கன்னத்தில கையோட பொம்பிளைட தகப்பன். சகுனம் சரியில்லை எண்டு வானைத் திருப்பச் சொல்லிட்டா. அனுஷ்கா என்னோட ஒரு சொல்லும் கதைக்கேல்லை. பல்லை விட அதுதான் மச்சான் எனக்கு நொந்தது.

நல்ல காலம், நேற்று நடமாடும் பல் கிளினிக் நம் கோயில் வளவுக்கே வந்தது. நானா போனேன்? பிள்ளைகள் இரண்டும் ஆளுக்கொரு கையில் பிடித்துக் கதிரையில் சாய்த்தார்கள். டொக்டர் மிஸ்ஸுக்கு நம் அனுஷ்காவின் வயதுதான் இருக்கும். "கட அரின்ன அங்கிள்" என்று சிங்களத்தில் வாயைத் திறக்கச் சொல்லி விறைப்பூசி போட்டா. "எப்ப பிடுங்குவீங்க?" என்று நான் கேட்க, பல்லைக் கண்ணுக்கு முன்னால் பிடித்துக் காட்டுகிறா! இதுக்கா ஆறு மாசம் அழுதன்? அந்தச் சூட்டோட திரீவீலரைப் பிடிச்சு நுரைச்சோலைக்குப் போய், சம்பந்தியம்மாக்கு முன்னால நிண்டு நல்லாச் சிரிச்சன். விறைப்புப் போகேல்லை எண்டு ஆருக்குத் தெரியும்? வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போச்சு, தந்த பிளேன்டீ சேட்டில வழிஞ்சுது. "ஐயோ, பாரிசவாதம்!" எண்டு அவ கத்த, பொக்கற்றுக்குள்ள இருந்த பல்லை எடுத்து மேசையில வைச்சன். பல்லைப் பார்த்தா, என்னைப் பார்த்தா, பிறகு சேலைத் தலைப்பால வாயைப் பொத்திக்கொண்டு சிரிச்சா பார், கண்ணால தண்ணி வருமட்டும் சிரிச்சா! வாற மாசம் ரெண்டாம் சனி கலியாணம் எண்டு அங்கேயே நாள் வைச்சாச்சு.

தாய்மாமன் இல்லாமல் கலியாணமில்லை. உடனே டிக்கெட்டைப் போடு. சொக்கலேட் வேண்டாம், எல்லோருக்கும் பல் பிரஷ் கொண்டுவா. உனக்கும் மனைவி பிள்ளைகளுக்கும் ஆண்டவர் நல்ல சுகத்தையும் உறுதியான பல்லையும் தருவாராக.

உன் அத்தான்,
இன்னாசிப்பிள்ளை

பி.கு.: டிக்கெட்டைப் போட்டுவிடாதே! அனுஷ்கா இப்போதுதான் கோயிலிலிருந்து செய்தி கொண்டுவந்தாள். பல் கிளினிக் திரும்ப வருவதும் அதே இரண்டாம் சனியாம். அதற்குப் பிறகு எப்போது என்று யாருக்கும் தெரியாதாம். சம்பந்தியம்மா போனிலேயே தனக்கும் கெவினுக்கும் பெயர் கொடுத்துவிட்டா. உன் அக்காவும் எனக்குச் சொல்லாமல் கொடுத்திருக்கிறா. றுக்கியாவும்தான். "கலியாண நாளை மாத்துவோம் அப்பா," எண்டு மணப்பொம்பிளையே சொல்லுறாள். "ஃபாதர் எந்தச் சனியும் இருப்பார். பல் டொக்டர் இருக்க மாட்டா."