மியூசியத்து லாரியும் ஹாரன் சாரும்

பெரம்பலூர், அரியலூர் ரெண்டு மாவட்டத்திலும் ஹாரன் சாரிடம் திட்டு வாங்காத லாரி டிரைவர் ஒருவர் இருந்தால், அவர் இன்னும் லைசென்ஸ் எடுக்கவில்லை என்று அர்த்தம்.

திருமானூர் பக்கத்துப் பள்ளியில் என்னோடு வேலை பார்த்த தமிழாசிரியர். கோபம் வந்தால் டிப்பர் லாரி ஹாரனே அவர் குரலுக்கு அடங்கிவிடும். பிள்ளைகள் வைத்த பெயர் அது. ஒருமுறை பள்ளி கேட்டை மறித்து நின்ற சுண்ணாம்புக்கல் லாரியின் சாவியை உருவிக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டார். டிரைவர் ஜன்னலோரம் வந்து கெஞ்சினான்.

"உள்ள வந்து உக்காருடா. புணர்ச்சி விதி முடியட்டும், தரேன்."

அவனும் கடைசி பெஞ்சில் கைகட்டி உட்கார்ந்தான்.

அந்தக் கோபம் சும்மா வந்ததல்ல. அவர் வகுப்பு அன்பரசி, சைக்கிளில் வீட்டுக்குப் போகும்போது அப்படியொரு லாரி ஏறிச் செத்துப்போனாள். லாரிகள் மறுநாளும் அதே வேகத்தில்தான் ஓடின. அவள் இடம் மட்டும் காலியாகக் கிடந்தது.

மறுவருஷம் பிள்ளைகளோடு நகரத்துப் போக்குவரத்து, தொழில் வரலாற்று மியூசியத்துக்குப் போனோம். வாசலிலேயே ரயில் இன்ஜின். கைடு பெருமையாக ஆரம்பித்ததும் சார் வெடித்தார்.

"பெரம்பலூருக்கு இன்னும் ரயிலே வரலைங்க. இங்க ஒண்ணு வேலவெட்டி இல்லாம நிக்குது!"

அடுத்த ஹாலில் பழைய லாரி. புதுப் பெயிண்ட், கழுத்தில் மாலை. 'தேசத்தைக் கட்டியெழுப்பிய வாகனம்' என்று போர்டு.

"இது மாதிரி வண்டிங்க யார் யார் மேல ஏறுச்சுன்னு எழுதலையா?"

கைடு சிரித்தான். "சார், இது மியூசியம்."

"வரலாறுன்னுதானே வாசல்ல போட்டிருக்கீங்க?"

சட்டைப் பையிலிருந்து சாக்பீஸை எடுத்தார். போர்டின் கீழே 'அன்பரசி, எட்டாம் வகுப்பு' என்று எழுதினார்.

மேனேஜர் ஓடிவந்தார். "படிச்சவர்தானே? போர்டுல கிறுக்கலாமா?"

"மன்னிப்புக் கேட்டுடுங்க சார், ஊர் போய்ச் சேரலாம்" என்றார் எங்கள் தலைமையாசிரியர்.

சார் முழங்கினார். "எழுத்துப்பிழை இருந்தா சொல்லுங்க, அழிக்கிறேன். இல்லேன்னா தொடக் கூடாது!"

கண்ணாடி ஜன்னல் அதிர்ந்தது. ஈரத்துணியோடு ஆள் வருவதற்குள் பிள்ளைகள் எல்லாரும் அந்தப் பெயரைச் சத்தமாக வாசித்துவிட்டார்கள். துணி அழித்தது. சாருக்கு மெமோ வந்தது. எனக்கு அந்தத் துணியை நினைத்தால் இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது.

அன்று சாயங்காலம் பஸ் பள்ளிக்கு எதிரே இறக்கிவிட்டது. சார் நடுரோட்டில் கையை நீட்டி நின்று, வரிசைகட்டிய லாரிகளை ஒவ்வொன்றாகத் திட்டினார். பிள்ளைகள் தாண்டியதும் என் பக்கம் திரும்பினார்.

"என்ன டீச்சர், நீங்க தனியாத் தாண்டிடுவீங்களோ?"

அப்போதே ரிட்டயர் ஆகப்போகிற வயசு எனக்கு. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.