தாவாத ஈஸ்ட்

2025 ஜூன் 18, புதன்கிழமை, காலை ஒன்பது மணி. மலைப்பக்கமிருந்து சாரல். இராஜபாளையத்துப் பேருந்திலிருந்து இறங்கிய நாகஜோதி, ஸ்ரீவில்லிபுத்தூர்க் கல்லூரி ஆய்வகத்துக்கு ஓட்டமும் நடையுமாகப் போனாள். பத்து மணிக்கு நிபுணர் தனுஷ்கோடி வருகிறார். அவர் கையெழுத்திட்டால்தான் அவளுடைய ஆய்வுக்கு இன்னும் ஓராண்டு ஆயுள்.

ஈஸ்ட்டின் மரபணுக்களிடையே இடம்விட்டு இடம் தாவும் துணுக்குகள் உண்டு. அப்படியொன்று ஒரு மரபணுவில் வந்து உட்கார்ந்தால் அந்த மரபணு வேலையை நிறுத்திவிடும். இந்த ஆய்வகத்தில் வளர்த்த வகையில், வெள்ளை ஈஸ்ட் சிவந்துவிடும். தாவலைத் தடுப்பது நாகஜோதியின் பணி. தாவவைப்பது பக்கத்து மேசை ஜெபினின் பணி; அவனுக்கும் இன்றுதான் சோதனை.

முதல் வாரமே அவளுடைய தட்டில் சிவப்புப் புள்ளிகள் தோன்றின. வெக்கைதான் காரணமென்று குளிர்ச்சியைக் கூட்டினாள், புள்ளிகள் பெருகின. கிருமியோ என்று அஞ்சிப் புற ஊதா விளக்கைக் காட்டினாள், மேலும் பெருகின. கடைசியில் தீனியைக் குறைத்தாள்; தட்டு குங்குமம் கொட்டியதுபோலாயிற்று.

"எம்புட்டு அடக்குனாலும் ஆடுதுலே, ஜெபின்."

"எனக்கு ஆடவே மாட்டேங்குக்கா. கதகதப்பா வச்சு, வேளாவேளைக்குத் தீனி போட்டு, புது மாப்பிள்ளை மாதிரி கவனிக்கேன். அசைய மாட்டேங்கு."

இன்று ஆய்வகத்தில் ஆளில்லை. ஈஸ்ட் தட்டுகள் வைத்த ஒரே மாதிரியான இரண்டு பெட்டிகள், இருவரின் பெயர்ச்சீட்டுகளுடன் மூடியிருந்தன. திறந்து அந்தச் சிவப்பை மறுபடி பார்க்க அவளுக்குத் தெம்பில்லை. சீட்டுகளை மட்டும் இடம் மாற்றி ஒட்டினாள். அது தப்பென்று மனம் சொல்லிற்று. ஆனால் ஆய்வுக்காலம் முடியப்போவது மனத்துக்கல்லவே.

பத்து மணிக்குத் தனுஷ்கோடி வந்தார், பின்னாலேயே ஜெபினும். "உம் பெட்டியத் தெறம்மா."

திறந்தாள். ஈஸ்ட் சிவந்திருந்தது, வெளுத்துப்போனது நாகஜோதிதான். ஜெபினின் பெட்டியில் அப்பழுக்கற்ற வெள்ளை. அவன் முகமும் தொங்கிப்போயிற்று.

"என்னம்மா செஞ்சே?"

"குளிர்ல வச்சேன்... வெளக்குக் காட்டுனேன்... பட்டினி போட்டேன், சார்."

"தாவவைக்க நாங்க செய்யிறதே இந்த மூணுந்தாம்மா!" என்றவர் ஜெபின் பக்கம் திரும்பினார். "நீ என்னலே செஞ்சே?"

"சூடும் சோறுந்தான், சார்."

"அதான் சொகமா ஒறங்குது."

அவர் செத்த நேரம் எழுதினார். கையெழுத்திட்டுத் தாளை நீட்டினார். இருவருக்கும் ஓராண்டு நீட்டிப்பு. ஆய்வுத் தலைப்புகளை மட்டும் ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ள வேண்டும்.

தாளை வாங்கிய பின்னும் நாகஜோதிக்கு ஒன்று விளங்கவில்லை. "ஏலே, நாந்தான் சீட்ட மாத்தி ஒட்டுனேனே! பொறவு எப்படி எம் பெட்டியில செவப்பு?" என்று ஜெபினின் காதில் கிசுகிசுத்தாள்.

ஜெபின் தலையைச் சொறிந்தான்.

"நீங்களுமாக்கா? நான் எட்டு மணிக்கே மாத்தி ஒட்டிட்டேனே!"