எழவு மேஸ்திரியின் டம்ளர்

சரவணம்பட்டியில் எழவு மேஸ்திரியிடம் வண்டியை விட்டவர்களில், வெறும் வயிற்றோடு கெட்ட செய்தி கேட்டவர் ஒருவர்கூடக் கிடையாது. கோளாறு இன்னதென்று கண்டுபிடித்ததும் மனிதர் வாயே திறக்கமாட்டார். ஸ்பேனரைக் கீழே வைத்து, கையைக் கழுவி, "மொதல்ல சாப்புட்டுப்போடலாமுங்க. கேட்டதுக்கப்புறம் சோறு எறங்காது" என்று எதிரே இருந்த மெஸ்ஸுக்குக் கூட்டிப்போய்விடுவார். எழவு சொல்லப் போனால், அந்த வீட்டில் எல்லோரும் சாப்பிட்டாயிற்றா என்று பார்த்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும் என்பது அவர் குடும்பத்து வழக்கம். அதை அவர் கிளட்ச் பிளேட்டுக்கும் கடைப்பிடித்தார். பெயர் அப்படி வந்ததுதான். நிஜப் பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது.

ஒருமுறை ஐ.டி. கம்பெனிக்காரர் ஒருவர் ஹாரன் அடிக்கவில்லை என்று காரைக் கொண்டுவந்தார். சாப்பாடு முடிந்ததும் மேஸ்திரி தலையைக் குனிந்துகொண்டு, "அப்பா அம்மா ஊர்லதான் இருக்காங்களா கண்ணு?" என்று ஆரம்பித்தார். அந்த மனுஷன் வெலவெலத்துப்போய் அம்மாவுக்கு போன் போட்டுவிட்டார். போயிருந்தது ஒரு ஃபியூஸ்.

பல்லடத்து முட்டையைப் பழைய பிக்கப்பில் ஏற்றிக் கோத்தகிரிக் கடைகளுக்குப் போடுவது என் பிழைப்பு. திடீரென்று ஒரு மாதம், மலை இறங்கும்போது பிரேக்கை மிதித்தால் வண்டியின் பின்பாதி உதற ஆரம்பித்தது. நாளுக்கு நாள் கூடியது. மலைப்பாதையில் பிரேக்கை நம்ப முடியாவிட்டால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. "நீங்க மட்டும் போயிட்டு வாங்க. புள்ளைங்களுக்கு ஒருத்தராச்சும் வேணுமுங்க" என்று என் மனைவி வண்டியில் ஏறுவதையே விட்டுவிட்டாள். ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். முன் டயர்களை மாற்றினேன், அலைன்மென்ட் பார்த்தேன். உதறல் உதறிக்கொண்டே இருந்தது.

கடைசியில் எழவு மேஸ்திரியிடம் போனேன். அவர் பானெட்டைத் திறக்கவே இல்லை. எவர்சில்வர் டம்ளரில் விளிம்பு வரை தண்ணீர் எடுத்துக்கொண்டு வண்டியின் பின்னால் ஏறிச் சம்மணமிட்டார். டம்ளரைத் தொடைமேல் வைத்துப் பிடித்துக்கொண்டார்.

"காலி ரோட்டுல மெதுவாப் போயி பிரேக்கப் புடிங்க தம்பி. ஸ்டீரிங் ஆடுதுங்களா?"

"இல்லீங்க மேஸ்திரி. சீட்டுதான் ஆடுது."

"அப்ப கோளாறு முன்னாடி இல்லீங்க. பெடல உட்டுப்போட்டு ஹேண்ட் பிரேக்க மட்டும் மெல்ல இழுங்க."

இழுத்தேன். அதே உதறல். ஹேண்ட் பிரேக் பின் சக்கரங்களை மட்டும்தான் பிடிக்கும் என்பதால் அவருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. கண்ணாடியில் பார்த்தேன். நனைந்த வேட்டியோடு, சாவு வீட்டுப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் போல இருந்தார். வண்டியை நிறுத்தி என்னவென்று கேட்டேன். பதிலுக்கு மெஸ்ஸில் இலை போட்டாயிற்று.

ரசம் தாண்டி மோருக்கு வந்தபோது கேட்டார். "மலை எறங்குன சூட்டோட சக்கரத்துக்குத் தண்ணி அடிக்கிறீங்களா?"

மேட்டுப்பாளையம் வந்ததும் அதுதான் முதல் வேலை என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"மனசத் தெடப்படுத்திக்கங்க. சூட்டோட தண்ணி பட்டுப் பின்னாடி பிரேக் டிரம்மு ரெண்டும் கோணிப்போச்சுங்க. ஊட்டுல நீங்களே சொல்லிக்குவீங்களா, நானு வந்து சொல்லட்டுங்களா?"

"செரியாவுமுங்களா?"

"கடைசல் புடிச்சா ஆவுமுங்க."

லேத்தில் கொடுத்துக் கடைந்து மறுநாளே மாட்டிவிட்டார். இதற்குத்தான் அத்தனை துக்கம்.

சோதித்துப் பார்க்க மறுபடி டம்ளரோடு ஏறினார். பிரேக்கை மிதித்தேன். வண்டி உதறாமல் நின்றது. பின்னால் தண்ணீர் சிந்தும் சத்தம் கேட்டது. இன்னொரு முறை மிதித்தேன். இன்னொரு முறை சிந்தியது. இறங்கிப்போய்ப் பார்த்தால், நின்ற வண்டியில் அவர் கையும் டம்ளரும் மட்டும் ஆடிக்கொண்டிருந்தன.

"வண்டி செரியாப்போச்சுங்க" என்றார். "இது கையிங்க. ஸ்பேனர் புடிச்சா ஆடறதில்ல. சும்மா வெச்சாத்தான் ஆடுது. உங்க வண்டியாட்டத்தான், நிறுத்துனா உதறுது. ஒரு வருசமா டெஸ்ட் பண்ணிட்டிருக்கறேனுங்க."

அவருக்கு மனைவி மக்கள் இல்லை. அந்தக் கைதான் அவருக்குச் சோறு போட்டது. இழுக்காத குறையாக டாக்டரிடம் கூட்டிப்போனேன். டாக்டர் அவரை நடக்க வைத்தார், விரலைத் தட்டச் சொன்னார், கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தொண்டையைச் செருமினார். மேஸ்திரி எழுந்துவிட்டார்.

"டாக்டருங்க, நானு இன்னும் சாப்புடலைங்க. தம்பிகிட்டச் சொல்லிப்போடுங்க. அவரு எனக்கு மொறையாச் சொல்லிக்குவாரு."

சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. டாக்டர் நடுக்குவாதம் என்றதும் அது நின்றுவிட்டது. குணமாகாது, மாத்திரையில் ஓரளவு அடக்கி வைக்கலாம் என்றார்.

மெஸ்ஸில் எதிரெதிரே உட்கார்ந்தோம். அவர் பொரியலை இரண்டாம் தரம் கேட்டு வாங்கினார். எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை. இந்த மனிதர்மேல் எனக்கு இவ்வளவு பிரியம் இருந்தது அந்த இலைக்கு முன்னால்தான் தெரிந்தது.

"நீங்களும் சாப்புடுங்க தம்பி. சொல்றவங்களுக்கும் தெம்பு வேணுமுங்க."

மோர் வந்தது. டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன். அவர் மோரைக் குடித்து முடித்தார்.

"கடைசல் புடிச்சா ஆவாதுங்களா?"

"ஆவாதுங்க மேஸ்திரி."

தலையாட்டிக்கொண்டார். "நல்லாச் சொன்னீங்க. அவசரப்படாமச் சொன்னீங்க" என்று இலையை மூடினார்.

இப்போது பட்டறையைப் பாதியாகச் சுருக்கிக்கொண்டார். ஆனால் மாதம் ஒருமுறை, பிரேக் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, அவரைத்தான் பிக்கப்பின் பின்னால் ஏற்றிக்கொள்கிறேன். டம்ளரில் தண்ணீர் நிரப்பித் தருவது நான். பாதி டம்ளர்தான் நிரப்புகிறேன். ஏன் என்று அவர் கேட்டதில்லை.