ஒற்றைக் கண்ணால் தூங்கும் வாத்தும் என் நாற்பதாயிரமும்

என் மைத்துனன் எனக்கு நாற்பதாயிரம் தரவேண்டியிருந்தது. கல்யாணச் செலவுக்கு வாங்கினானா, ஆஸ்பத்திரிச் செலவுக்கு வாங்கினானா? இல்லை. வாத்துக்கு வாங்கினான். வாத்தைக்கூட வாங்கவில்லை, வாத்தைத் தூரத்திலிருந்து படம் பிடிக்க ஒரு லென்ஸ் வாங்கினான். பாதி அவன் பணம், பாதி என் பணம். தோளில் வைத்தால் பீரங்கி.

காட்டு வாத்துப் படக்காரர் என்று ஓர் இனம் இருக்கிறது, தெரியுமா உங்களுக்கு? நாலாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டு, சைக்கிள் டியூபுக்கு ஒட்டுப் போட்டு, இன்றைக்கு மூன்று மாடி இரும்புக் கடையில் முதலாளியாக உட்கார்ந்திருப்பவன் நான். கால் கிலோ ஆணி கேட்கிற தோரணையிலேயே ஆள் காசு கொடுப்பானா, கடன் சொல்வானா என்று கண்டுபிடித்துவிடுவேன். எனக்கு இந்த இனம் எம்மாத்திரம்?

அலுவலகத்துக்குப் பத்து மணிக்குக்கூடப் போய்ச் சேராத மனிதர், ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் எழுந்து, சேற்று நிறச் சட்டையும் சேற்று நிறத் தொப்பியும் மாட்டிக்கொண்டு, ஊரே மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கிற சாக்கடைத் தண்ணீர் ஏரிக்கரையில் மூன்று மணி நேரம் குப்புறப் படுத்திருந்துவிட்டு வந்து, வீட்டுக் குளியலறையில் ஏதோ வாடை என்று மனைவியிடம் குறை சொல்வார். எந்த ஏரி என்று கேளுங்கள். "ஒரு ஏரி" என்பார். பெண் பார்த்த இடத்தைக்கூட இவ்வளவு பத்திரமாக யாரும் மறைத்ததில்லை.

தொள்ளாயிரம் படம் எடுப்பார். தொள்ளாயிரத்தையும் காட்டுவார்.

"இதுல கண்ணு மூடியிருக்கு அத்தான். இதுல பாதி தொறந்திருக்கு. இதுல தலை தண்ணிக்குள்ள இருக்கு."

"அப்ப இது என்ன மாப்ள?"

"அது வாலு."

நல்ல படம் எங்கே என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். நல்ல வாத்து எப்போதும் முந்தின நாள்தான் வந்திருக்கும். "நேத்து வந்திருக்கணும் நீங்க!" இதுதான் இவர்களின் வேதவாக்கு. இப்படி இரண்டு பேர் சேர்ந்துவிட்டால் இன்னும் விசேஷம். தூரத்தில் பழுப்பாக ஒன்று மிதக்கும். "ஊசிவால் பெட்டை" என்பார் ஒருவர். "நீலச்சிறகிப் பெட்டை" என்பார் மற்றவர். பத்து வருஷச் சிநேகிதம் அங்கேயே முறியும். வாத்துக்கு இந்த விவகாரமே தெரியாது.

என் விவகாரத்துக்கு வருகிறேன். இரண்டு வருஷமாகக் கேட்டேன். ஏரிக்கரைப் பழக்கத்தில் வீட்டிலும் கிசுகிசுப்பாகவே, "சீக்கிரம் தந்துடறேன் அத்தான்" என்பான். அப்புறம் என்னைக் கண்டாலே பறந்துவிடுவான். "கடன் கேட்காதீர்" என்று பலகை மாட்டியிருக்கும் கடை என்னுடையது. வேலையாட்கள் அதன் கீழேயே நின்றுகொண்டு சிரிக்க ஆரம்பித்தார்கள். நாற்பது வருஷத்து மானம் போகலாமா? யோசித்தேன். குப்புறப் படுத்திருப்பவன் எங்கே ஓடுவான்?

ஞாயிற்றுக்கிழமை, வாடையை வைத்தே ஏரியைக் கண்டுபிடித்து, சலவை செய்த வெள்ளைச் சட்டையோடு கரையில் போய் நின்றேன்.

"மாப்ள! என் நாற்பதாயிரம் எங்க?"

மூன்று மாடிக்கும் கேட்கிற குரல். இருநூறு வாத்துகள் ஒரே வீச்சில் எழும்பின. கோரைக்குள்ளிருந்து நாலு சேற்றுச் சட்டைகளும் எழும்பின.

"யாருய்யா இந்தப் பெரியவர்? மூணு மணி நேரம் மூச்சை அடக்கிக்கிட்டுப் படுத்திருந்தோமே!"

மைத்துனன் மட்டும் திரும்பவில்லை. விரல் பொத்தானிலேயே இருந்தது. எழும்பிய கடைசிப் பறவையும் மறைந்த பிறகு, கண் கலங்க என்னைப் பார்த்தான்.

"அத்தான்... இன்னொரு தடவை கத்துறீங்களா?"

"பணம்!"

"லென்ஸை வித்துத் தந்துடறேன்." பீரங்கியை என் பக்கம் நகர்த்தினான். "விக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை நீங்களும் பாத்துடுங்க."

போனால் போகிறதென்று கண்ணை வைத்தேன். எல்லாம் பறந்தும் ஒன்று பறக்கவில்லை. மண்திட்டில், அலகை முதுகில் செருகிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தது. ஒரு கண் மூடியிருந்தது. மறு கண் திறந்திருந்தது! அது கடன் கொடுத்தவன் தூங்குகிற தூக்கம். நான் நாற்பது வருஷமாகத் தூங்குகிற தூக்கம். அதை நாலாம் வகுப்புக்கூடப் படிக்காமல் அந்த வாத்து எங்கே கற்றது?

"அத்தான், வெயில் ஏறுது. கெளம்பலாமா?"

"உஷ்! சும்மா கெட" என்றேன். கிசுகிசுப்பாக.

சிரிக்கிறீர்களா? பாலத்தைக் கடக்கும்போது வண்டியை ஓரங்கட்டித் தண்ணீரை எட்டிப் பார்க்கிறவரா நீங்கள்? சற்று முன்னால் அந்தப் பழுப்பு வாத்து ஊசிவாலா நீலச்சிறகியா என்று ஒரு கணம் யோசித்தீர்களா? யோசித்திருந்தால் சேற்று நிறத்தில் ஒரு சட்டை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அழுக்குத் தெரியாது. அனுபவத்தில் சொல்கிறேன்.

மறுநாள் கடையிலேயே கணக்கை முடித்தோம். லென்ஸுக்கு அறுபதாயிரம் கேட்டான், என்னிடமா? பேசி ஐம்பத்தைந்தாக்கினேன். நாற்பது கடனுக்குக் கழிந்தது. மீதி பதினைந்தாயிரம் நான் அவனுக்கு!

"கடனை வசூல் பண்ற அழகைப் பாரு!" என்றாள் சாப்பாடு கொண்டுவந்த என் மனைவி.

அவன் உள்ளங்கையை விரித்தான். பலகைக்குக் கீழே நின்று எண்ணி வைத்தேன். ஒன்பதாயிரம் வந்தபோது வாசலுக்கு மேலே சரசரவென்று சிறகுச் சத்தம். இரண்டு பேரும் அண்ணாந்து பார்த்தோம். எண்ணிக்கை விட்டுப்போனது, நாற்பது வருஷத்தில் முதல் தடவையாக.

"ஊசிவால்" என்றான்.

"நீலச்சிறகி" என்றேன்.

மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ணி அவன் கையில் வைத்தேன்.